கடன் கொடுத்தவர் சொந்தக்காரர் என்றால்... திவால் சட்டம் என்ன சொல்கிறது?

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் நம் பிள்ளைகள் கடை வைத்தாலும் கம்பெனி தொடங்கினாலும், வங்கிக்கு முன்பே கைகொடுப்பது குடும்பம்தான். அத்தா தருவார், அண்ணன் தருவார், மனைவியின் நகை அடகுக்குப் போகும். தொழில் நொடித்துப்போனால் அந்தப் பணத்தின் நிலை என்ன?

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம் பொருந்தும். வழக்கு சென்னையிலுள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். டைரக்டரின் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், மருமகன், சகோதரியை மணந்த மச்சான் ஆகியோர் சட்டத்தின் பார்வையில் 'தொடர்புடையவர்கள்'.

இவர்கள் கொடுத்த கடன் செல்லாமல் போகாது. வட்டியில்லாமல் கொடுத்த அழகிய கடனும் கடன்தான் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாக்கியது. எனவே பாக்கியைக் கோரலாம். ஆனால், கம்பெனியின் எதிர்காலத்தை முடிவு செய்யும் கடன் கொடுத்தோர் குழுவில் இவர்கள் பங்கேற்கவோ வாக்களிக்கவோ முடியாது. அங்கே 66 சதவீத வாக்கில் மீட்புத் திட்டம் நிறைவேறிவிடும். முதலாளியின் ஆட்களே பெரும்பான்மையானால் சரக்கு கொடுத்தவருக்கும் வங்கிக்கும் நீதி கிடைக்காது. குழுவில் நுழைவதற்காகவே உறவை முறித்துக்கொண்டு 'நான் வெளியாள்' என்று வந்தாலும் பலிக்காது என்பதும் 2021-ஆம் ஆண்டுத் தீர்ப்புதான்.

மற்றவர்களைக் காக்க வைத்து ஒருவருக்கு மட்டும் முந்திக் கொடுத்த பணத்தையும் தீர்ப்பாயம் திரும்பக் கேட்கலாம். வெளியாருக்குக் கொடுத்ததென்றால் ஓராண்டு, சொந்தக்காரருக்கு என்றால் இரண்டாண்டு பின்னோக்கிப் பார்ப்பார்கள்.

தனிநபர் பெயரில் உள்ள கடை என்றால், நாம் 'மஞ்சள் நோட்டீஸ்' என்று சொல்லும் வழி. அதற்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண திவால் சட்டம். இதில் மனைவிக்கு ஒரு விஷயம் முக்கியம். கொடுக்காமல் பாக்கியுள்ள மஹரும் கணவர் மீதான கடனே. மற்றக் கடன்களுக்குச் சமமானது. ஆனால் மஹருக்கு ஈடு என்று சொல்லி வீட்டை எழுதிவைத்த இரண்டாண்டுக்குள் திவால் மனு வந்து, கணவர் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டால், அந்தப் பத்திரம் கேள்விக்குள்ளாகும். நல்லெண்ணத்தோடு, உரிய மதிப்புக்கு எழுதியது என்று காட்டினால்தான் நிற்கும். நிக்காஹ் தஃப்தரில் மஹர் தொகை தெளிவாக இருப்பது அப்போது கைகொடுக்கும்.

ஆகவே உறவுக்குள் கொடுக்கும் பணத்தையும் வங்கி வழியாகக் கொடுப்போம். தேதி, தொகை, தவணை எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்குவோம். கடனை எழுதிக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் (2:282) கட்டளையிடுவதில் சொந்தக்காரருக்கு விலக்கு இல்லை. எழுதிக்கொள்வது சந்தேகத்தால் அல்ல. உறவும் பணமும் இரண்டும் நிலைக்கத்தான்.