வெளிநாடுகளில் ஆங்கிலம் கற்பிக்கும் பணி: நம்பகமான ஆலோசனை பெறுதல்

வெளிநாடுகளில் ஆங்கிலம் கற்பிக்கும் பணி என்பது, ஆங்கிலம் அன்றாட வழக்கு மொழியாக இல்லாத நாடுகளின் பள்ளிகள், தனியார் பயிற்சி நிலையங்கள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றில் ஆங்கிலத்தை அயல்மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிக்கும் வேலையைக் குறிக்கும். தென் கொரியா, ஜப்பான், சீனா, தாய்லாந்து, வியட்நாம், வளைகுடா நாடுகள் ஆகியவை இத்தகைய ஆசிரியர்களை அதிகம் அமர்த்தும் நாடுகளாகும்.

இப்பணி குறித்த தகவல்கள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பகுதி அமெரிக்கா, பிரித்தானியா போன்ற நாடுகளின் குடிமக்களுக்காக எழுதப்பட்டவை. இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அதே அறிவுரை பொருந்தாமல் போகலாம். பொருந்தாத அறிவுரையை நம்பி பயிற்சிக் கட்டணம், முகவர் கட்டணம், பயணச் செலவு ஆகியவற்றைச் செலுத்திய பின்னரே பலர் உண்மை நிலையை அறிகின்றனர். எனவே ஓர் ஆலோசனை யாருக்காக, எப்போது, யாரால் சொல்லப்பட்டது என்பதை அறிவது இத்துறையில் முதல் தேவையாகும்.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கிழக்காசிய அரசுகள் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களைப் பெருமளவில் வரவழைக்கத் தொடங்கின. ஜப்பான் அரசின் ஜெட் திட்டம் 1987ஆம் ஆண்டிலும், தென் கொரிய அரசின் எபிக் திட்டம் 1995ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. இவற்றுடன் தனியார் பயிற்சி நிலையங்களும் பெருகின. இவை தென் கொரியாவில் ஹாக்வான் என்றும், ஜப்பானில் உரையாடல் பயிற்சிப் பள்ளிகள் எய்கைவா என்றும் அழைக்கப்படுகின்றன.

இந்தப் பணிச்சந்தை தொடக்கம் முதலே ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை முன்னிறுத்தி அமைந்தது. இந்தியாவில் பிறந்த மொழியியலாளர் பிரஜ் கச்ரு, ஆங்கிலம் வழங்கும் நாடுகளை உள்வட்டம், வெளிவட்டம், விரியும் வட்டம் என மூன்றாகப் பிரித்தார். அமெரிக்காவும் பிரித்தானியாவும் உள்வட்டத்தில் அடங்கும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் முதலியவை வெளிவட்டத்தைச் சேர்ந்தவை. தாய்மொழியாளரே சிறந்த மொழி ஆசிரியர் என்ற கருத்தை ராபர்ட் பிலிப்சன் 1992ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் ஒரு தவறான நம்பிக்கை என வாதிட்டார். ஆயினும் பல நாடுகளின் விசா விதிகளில் உள்வட்ட நாடுகளுக்கான முன்னுரிமை இன்றும் தொடர்கிறது. இது ஆசிரியரின் திறமையைப் பற்றிய தீர்ப்பு அன்று. கடவுச்சீட்டைப் பற்றிய விதி மட்டுமே.

ஆலோசனைகள் முரண்படுவதற்கான காரணங்கள்

ஒரே நாட்டைப் பற்றி இருவர் எதிரெதிரான தகவல்களைத் தருவது இத்துறையில் இயல்பு. பெரும்பாலும் இருவருமே உண்மையைத்தான் சொல்கின்றனர். வேறுபாட்டிற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது குடியுரிமை. எடுத்துக்காட்டாக, "ஏதேனும் ஒரு பட்டமும் இணையவழிச் சான்றிதழும் இருந்தால் கொரியாவில் வேலை கிடைக்கும்" என்று கனடா நாட்டவர் ஒருவர் கூறினால் அது அவரைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரியே. அதை நம்பித் திருநெல்வேலியில் உள்ள ஒரு பட்டதாரி சான்றிதழ் வகுப்பில் சேர்ந்தால், அதே நாட்டின் விசா விதி அவரைத் தடுத்துவிடும்.

இரண்டாவது காலம். விதிகள் குறுகிய காலத்தில் மாறக்கூடியவை. 2021ஆம் ஆண்டு சூலை மாதத்தில் சீன அரசு பள்ளிப் பாடத் தனிப்பயிற்சித் தொழிலைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வெளிநாடுகளில் இருக்கும் ஆசிரியர்களைக் கொண்டு சீனக் குழந்தைகளுக்கு இணையவழியில் பாடம் நடத்துவதும் அப்போது தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் எழுதப்பட்ட அறிவுரைகள் இன்றும் தேடுபொறிகளில் கிடைக்கின்றன.

மூன்றாவது வருவாய். ஆள்சேர்ப்பு முகவருக்கு ஆசிரியர் விமானம் ஏறினால் தரகு கிடைக்கிறது. சான்றிதழ் வகுப்பு நடத்துபவருக்கு மாணவர் சேர்ந்தால் கட்டணம் கிடைக்கிறது. அவர்கள் சொல்வது பொய்யாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் சொல்லாமல் விடும் செய்திகள் இருக்கக்கூடும்.

நாடு வாரியான விதிகள்

தென் கொரியா: ஆங்கிலம் கற்பிக்க வழங்கப்படும் இ-2 விசா பொதுவாக ஏழு நாடுகளின் குடிமக்களுக்கு உரியது. அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகியவையே அவை. 2010ஆம் ஆண்டு சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய விரிவான பொருளாதாரக் கூட்டு உடன்படிக்கை, இந்தியர்களுக்கு ஒரு குறுகிய வழியைத் திறந்தது. பட்டமும் ஆசிரியர் தகுதிச் சான்றும் உடையவர்கள் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியராகப் பணிபுரிய இது இடம் தருகிறது. தனியார் ஹாக்வான்களில் சேர்வதற்கு இவ்வழி பயன்படாது.

ஜப்பான்: பள்ளிகளில் பணிபுரிய 'பயிற்றுநர்' என்ற வதிவிடத் தகுதி தேவை. அயல்மொழியைக் கற்பிக்க வருபவர் அந்த மொழியின் வழியாகவே குறைந்தது 12 ஆண்டுகள் கல்வி பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. தமிழ்வழியில் பயின்று பின்னர் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றவர் இந்த இடத்தில் கவனமாக இருக்கவேண்டும். ஆங்கிலவழிப் பள்ளியில் பயின்றவரும் அதை நிறுவும் பயிற்றுமொழிச் சான்றைப் பள்ளியிலிருந்து பெற்று வைத்திருப்பது நல்லது. தனியார் உரையாடல் பள்ளிகளுக்கான விசா வேறு வகையைச் சேர்ந்தது. அதற்குப் பல்கலைக்கழகப் பட்டமே முதன்மையான தகுதியாகும்.

தாய்லாந்து: வகுப்பறையில் சட்டப்படி பணிபுரிய மூன்று ஆவணங்கள் தேவை. முதலாவது பணிக்குரிய 'குடியேற்றமல்லாத பி' வகை விசா; இரண்டாவது பணி அனுமதி; மூன்றாவது குருசபா எனப்படும் ஆசிரியர் மன்றத்தின் உரிமம் அல்லது தற்காலிக விலக்கு. சுற்றுலா விசாவில் பணிபுரிவது சட்டமீறல். பிடிபட்டால் தண்டத்தையும் நாடு கடத்தலையும் எதிர்கொள்பவர் ஆசிரியரே.

வளைகுடா நாடுகள்: இங்கு இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் பல இயங்குவதால் தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு வாய்ப்பு அதிகம். இப்பள்ளிகள் பொதுவாகப் பி.எட். பட்டத்தையும் வகுப்பறை அனுபவத்தையும் எதிர்பார்க்கின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஆள்சேர்ப்புச் செலவைப் பணியாளரிடம் வசூலிப்பதும் அவரது கடவுச்சீட்டைப் பறித்து வைத்திருப்பதும் தடை செய்யப்பட்டுள்ளன.

கற்பித்தல் சான்றிதழ்கள்

கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா, லண்டன் டிரினிட்டி கல்லூரி வழங்கும் செர்ட்டிசோல் ஆகிய இரண்டும் உலகளவில் ஏற்கப்படும் தொடக்கநிலைச் சான்றிதழ்களாகும். இரண்டிலும் உண்மையான மாணவர்களுக்கு ஆறு மணிநேரம் பாடம் நடத்திக் காட்டவேண்டும். அதைப் பயிற்றுநர் நேரில் மதிப்பிடுவார்.

இணையத்தில் விற்கப்படும் '120 மணிநேர' டெஃபல் சான்றிதழ்கள் பலவகைப்பட்டவை. டெஃபல் என்பது ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பித்தல் என்னும் துறையின் பெயரே தவிர, ஒரு தேர்வு வாரியத்தின் பெயர் அன்று. இவற்றை உலகளவில் அங்கீகரிக்கும் ஒரே அமைப்பும் இல்லை. ஆகவே 'சர்வதேச அங்கீகாரம் பெற்றது' என்ற விளம்பரத்தைக் கண்டால், அங்கீகரித்த அமைப்பு எது, செல்ல விரும்பும் நாடு அதை ஏற்கிறதா என்ற இரண்டையும் கேட்டறிய வேண்டும். விசா விதி அனுமதிக்காத நாட்டிற்கு எந்தச் சான்றிதழும் வழி திறக்காது.

ஒப்பந்தத்தைப் படித்தல்

ஒப்பந்தத்தில் மாதச் சம்பளத்தை மட்டும் பார்ப்பது பொதுவான தவறு. வாரத்திற்கு எத்தனை கற்பித்தல் மணிநேரம், அலுவலகத்தில் இருக்கவேண்டிய நேரம் எவ்வளவு, தங்குமிடம் யார் பொறுப்பு, பயணச்சீட்டுக்குப் பணம் தருவது யார், மருத்துவக் காப்பீடு உண்டா, ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் என்ன இழப்பு ஆகியவை எழுத்தில் இருக்கவேண்டும்.

தென் கொரியச் சட்டப்படி ஓராண்டு பணியை நிறைவு செய்பவருக்கு ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் பணிவிலகல் தொகையாகக் கிடைக்கும். இதைத் தவிர்ப்பதற்காகப் பதினோராம் மாதத்தில் ஆசிரியரை நீக்கும் நிலையங்கள் குறித்த புகார்கள் நெடுங்காலமாக உள்ளன. இ-2 விசா பணியளிப்பவருடன் பிணைக்கப்பட்டது என்பதால், வேலை போனால் வதிவுரிமையும் கேள்விக்குள்ளாகிறது.

நிறுவனத்தின் அளவும் பாதுகாப்பிற்கு உறுதி ஆகாது. ஜப்பானின் மிகப்பெரிய ஆங்கில உரையாடல் பள்ளித் தொடரான நோவா 2007ஆம் ஆண்டு அக்டோபரில் நொடித்துப் போனபோது, ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளப் பாக்கியுடன் தவித்தனர். நிறுவனம் வழங்கிய வீடுகளில் இருந்தோர் தங்குமிடத்தையும் இழக்கும் நிலை ஏற்பட்டது. முதல் மூன்று மாதச் செலவுக்கும் திரும்பும் பயணச்சீட்டுக்கும் போதுமான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு செல்வது இதனாலேயே வலியுறுத்தப்படுகிறது.

முகவர்களும் சட்டமும்

இந்தியாவில் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள்சேர்ப்பவர் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். முகவர் வாங்கக்கூடிய கட்டணத்திற்கு 30,000 ரூபாயும் அதற்கான சரக்கு மற்றும் சேவை வரியும் என உச்சவரம்பு உண்டு; அதற்கு இரசீதும் தரவேண்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978ஆம் ஆண்டு முதல் சென்னையில் இயங்கிவருகிறது. இலங்கையில் 1985ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உரிமம் பெற்ற முகவர்களின் விவரங்களைப் பராமரிக்கிறது.

பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்றவர்களுக்குப் பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படுவதில்லை. பட்டதாரி ஆசிரியர்கள் இந்தப் பிரிவில் அடங்குவர். இது வசதியாகத் தோன்றினாலும், புறப்படும் முன் அவர்களது ஒப்பந்தத்தை அரசு அலுவலர் எவரும் பார்ப்பதில்லை என்பதே இதன் பொருள். சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் விண்ணப்பதாரரைச் சேர்கிறது.

எச்சரிக்கை அறிகுறிகள்

2022ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம், தாய்லாந்தில் வேலை என அழைத்துச் சென்று மியன்மாரில் சிறைவைக்கும் கும்பல்கள் குறித்து எச்சரித்தது. அவர்கள் காட்டிய வேலை கணினித் துறை சார்ந்தது. எனினும் அழைக்கும் முறை ஆசிரியர் வேலைக்கும் பொருந்தக்கூடியதே. பின்வருவன கண்டால் விலகுவது நல்லது:

- சுற்றுலா விசாவில் வரச்சொல்லி, பின்னர் மாற்றித் தருவதாகக் கூறுதல்.
- பாடம் நடத்திக் காட்டச் சொல்லாமல், ஒரு குறுஞ்செய்தி உரையாடலிலேயே வேலையை உறுதி செய்தல்.
- பள்ளியின் பெயரையும் முகவரியையும் சொல்ல மறுத்தல்.
- கட்டணத்தைத் தனிநபர் வங்கிக் கணக்கில் செலுத்தச் சொல்லுதல்.
- அசல் சான்றிதழ்களையோ கடவுச்சீட்டையோ முன்கூட்டியே ஒப்படைக்கக் கேட்டல்.
- ஓரிரு நாட்களில் முடிவெடுக்குமாறு நெருக்குதல்.

சரிபார்க்கும் வரிசை

ஆலோசனையைச் சரிபார்ப்பதில் வரிசை முக்கியமானது. முதலில், செல்ல விரும்பும் நாட்டின் தூதரகம் அல்லது குடிவரவுத் துறையின் அதிகாரப்பூர்வத் தளத்தில், தம் குடியுரிமைக்கு அந்த விசா கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். இதற்குச் செலவு இல்லை. இரண்டாவதாக, தம் கடவுச்சீட்டையே வைத்திருக்கும், கடந்த ஓரிரு ஆண்டுகளில் அதே நாட்டில் பணிபுரிந்த ஆசிரியர் ஒருவரைத் தேடிப் பேசவேண்டும். "சம்பளம் எவ்வளவு" என்பதைவிட "சம்பளம் எந்தத் தேதியில் வந்தது", "உங்களுக்கு முன் இருந்தவர் ஏன் விலகினார்" என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகள் அதிகம் சொல்லும். மூன்றாவதாக, பள்ளியின் பொதுத் தொலைபேசி எண்ணைத் தாமே கண்டுபிடித்து, வேலை அறிவிப்பு உண்மைதானா என உறுதிப்படுத்த வேண்டும்.

இவை முடிந்த பின்னரே ஆவணப் பணி தொடங்கவேண்டும். பட்டச் சான்றிதழுக்கு மாநில அளவிலான சரிபார்ப்பும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையும் தேவைப்படும். இந்தியா 2005ஆம் ஆண்டு முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் உள்ளது. அதில் சேராத நாடுகளுக்குத் தூதரகச் சான்றொப்பம் வேண்டும். காவல்துறைத் தடையின்மைச் சான்றிதழைக் கடவுச்சீட்டு அலுவலகம் வழியாகப் பெறலாம். சான்றிதழ் வகுப்பில் சேர்வதும் முகவருக்குப் பணம் தருவதும் முதல் படியில் 'ஆம்' என்ற விடை கிடைத்த பிறகு செய்யவேண்டியவை. விடை 'இல்லை' என்றால், அந்தப் பணத்தைத் தம் கடவுச்சீட்டை ஏற்கும் வேறொரு நாட்டிற்காகவோ, பி.எட். போன்ற நிலையான தகுதிக்காகவோ செலவிடலாம்.