எருவும் மண்வாழ் பற்றீரியாவும்

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பூவரசங்குழை முதலியவற்றை நிலத்திலே தாழ்த்து, அவை மக்குமளவும் பொறுத்திருந்து, அதன் பின்னரே நாற்று நடுவர். குழையிலுள்ள சத்தைப் பயிர் நேரே உண்ணுமாயின் இவ்வாறு காத்திருத்தல் வேண்டா. எருவுக்கும் பயிருக்கும் இடையே கண்ணுக்குப் புலப்படாத ஓர் உயிர்க்கூட்டம் நின்று தொழில் புரிகின்றது. எரு முதற்கண் அதற்கே உணவாகும். அது உண்டு எஞ்சவிடுவதே பயிரைச் சேரும். இவ்வுண்மையை மறந்து எருவிடுவோர் விளைவையும் இழப்பர், நீரையும் கெடுப்பர்.

எருவிலுள்ள நைதரசனிற் பெரும்பகுதி புரதம் முதலிய சேதனச் சேர்வைகளிலே கட்டுண்டு கிடக்கின்றது. வேர்களோ அதனைப் பெரும்பாலும் அமோனியமாகவும் நைத்திரேற்றாகவுமே உறிஞ்சும். இம்மாற்றத்தைச் செய்வன உயிர்களே என்பதைப் பிரான்சு நாட்டு அறிஞரான ஷ்லோசிங், மூன்ற்ஸ் என்னும் இருவர் 1877 ஆம் ஆண்டில் நிறுவினர். தீயிற் சுட்ட மணலும் சுண்ணக்கற்றூளும் நிறைந்த குழாயினூடாக அவர்கள் கழிவுநீரை மெல்ல வடியவிட்டனர். முதல் 20 நாட்கள் நைத்திரேற்று தோன்றவில்லை. பின்னர்த் தோன்றிப் பெருகியது. வெறும் இரசாயனத் தாக்கமாயின் அது தொடக்கத்திலேயே நிகழ்ந்திருத்தல் வேண்டும். குளோரோபோம் ஆவியைச் செலுத்தவே நைத்திரேற்று அற்றுப்போயிற்று. ஆவியை நீக்கிச் சிறிது தோட்டமண் கலந்த நீரை ஊற்றிய பின்னரே அது மீளவும் உண்டாயிற்று.

இவ்வுயிர்களும் தம் உடலை வளர்ப்பதற்கு நைதரசனை வேண்டுவன. பற்றீரியாவின் உடலில் நைதரசன் 1 பங்காயின் காபன் ஏறக்குறைய 5 முதல் 8 பங்கு வரையிலாகும். வைக்கோலிலோ நைதரசன் 1 பங்குக்குக் காபன் 60 பங்குக்கும் மேலாக இருப்பதுண்டு. அத்தகைய பொருளை உண்ணும் பற்றீரியா, பற்றாத நைதரசனை மண்ணிலிருந்தே கவர்ந்துகொள்ளும். பயிர் மஞ்சளித்து வாடும். அவரையினச் செடிகளின் இளங்குழையில் இவ்விகிதம் பெரும்பாலும் 20 க்குக் குறைவு. ஆதலின் அது மக்கும்போது மிகுதியான நைதரசன் பயிருக்குக் கிடைக்கின்றது. இருவகைக்கும் எல்லை 25 என்னும் அளவை அண்மியதாகும். வைக்கோலும் குழையும் ஒரே நிறையில் இடப்படினும், ஒன்று விளைவைக் குறைக்க மற்றது கூட்டுவது இதனாலேயாம்.

நெடுங்காலப் பயனை அறிவதற்கு இங்கிலாந்திலுள்ள றொதம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையம் துணைபுரிகின்றது. அங்கே லோஸ், கில்பேட் என்போர் 1843 இல் தொடக்கிய புறோட்போக் கோதுமைச் சோதனை இன்றும் நடைபெறுகின்றது. எருவே இடாத பாத்தி ஹெக்டேயருக்கு ஏறக்குறைய 1 தொன் தானியமே தருகின்றது. ஆண்டுதோறும் 35 தொன் தொழுவெரு பெற்ற பாத்தியோ, செயற்கைப் பசளையிட்ட பாத்திகளுக்கு நிகராக நெடுங்காலம் விளைந்தது. அதன் மண்ணிலுள்ள சேதனக் காபன், எருவிடாத மண்ணிலுள்ளதைப்போல் இருமடங்குக்கு மேற்பட்டது. நுண்ணுயிர்த் திணிவும் அவ்வாறே மிகுந்துள்ளது. ஆயினும் அவ்வெருவில் ஆண்டுக்கு 200 கிலோகிராமுக்கு மேற்பட்ட நைதரசன் உண்டு. அவ்வளவையும் பயிர் கொள்வதில்லை. அறுவடைக்குப் பின்னும் பற்றீரியா ஓயாது தொழில் புரிதலால், வயல் வெறுமையாயுள்ள காலத்திலே பிறக்கும் நைத்திரேற்று மழைநீரோடு கீழிறங்குகின்றது.

இவ்விரு செய்திகளும் இலங்கைக்கு மிக வேண்டியன. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நெல் விளைவு பெரிதும் வீழ்ந்தது. அவ்வாண்டு முடியுமுன்னரே தடை தளர்த்தப்பட்டது. 100 கிலோகிராம் நைதரசனைப் பெற ஏறக்குறைய 217 கிலோகிராம் யூரியா போதும். நூற்றுக்கு அரைப்பங்கு நைதரசனுள்ள மாட்டெருவாயின் 20 தொன் வேண்டும். அதுவும் அப்பருவத்திலேயே முழுதும் பயிருக்குக் கிடைப்பதன்று. பற்றீரியா விடுவிக்குமளவே கிடைக்கும். பல்லாண்டுகளாகப் படிப்படியாக வளர்க்கவேண்டிய மண்வளத்தை ஒரு போகத்திற் பெற முயல்வது பயன்தராது.

யாழ்ப்பாணத்திலோ மற்றொரு கேடும் உண்டு. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத இக்குடாநாடு சுண்ணக்கற்பாறையில் ஊறும் கிணற்றுநீரைப் பெரிதும் நம்பியுள்ளது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லைக்கு மேற்பட்ட அளவு காணப்பட்டுள்ளது. மிகுந்த நைத்திரேற்று கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும். யூரியாவிலிருந்து வந்ததாயினும் எருவிலிருந்து வந்ததாயினும் நைத்திரேற்று ஒன்றே. இயற்கை எருவென்பதனால் அது தீங்கற்றதாகிவிடாது.

எனவே எருவின் நிறையை மட்டும் நோக்குதல் போதாது. அதன் காபன் நைதரசன் விகிதத்தை அறிதலும், மக்குதற்கு வேண்டிய காலம் அளித்தலும், எரு தரும் நைதரசனைக் கழித்து எஞ்சியதற்கே யூரியா இடுதலும், மாரிமழைக்கு நிலத்தை வெறுமையாய் விடாமையும் இன்றியமையாதன. மண்ணிலே வாழும் சிற்றுயிர்களின் பசியையும் பருவத்தையும் அறிந்து எருவிடுவோர்க்கு விளைவும் பெருகும், கிணற்றுநீரும் கெடாதிருக்கும்.