செல்லை உடைத்தால் வேலை செய்யாத மருந்து

பாடப்புத்தகத்துல நொதிகளை அம்புக்குறி போட்டு வரிசையா எழுதியிருப்பாங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அந்தப் படம் போதாது என்பது எம்கே-886 என்ற மருந்தின் கதையைப் படித்தபோதுதான் உறைத்தது.

நம் இரத்த வெள்ளையணுக்களில் பெரும்பான்மை நியூட்ரோஃபில்கள். கிருமியைக் கண்டால் தம் சவ்வுக் கொழுப்பிலிருந்தே லூகோட்ரையீன் பி4 என்ற சமிக்ஞையைத் தயாரித்து, "எல்லாரும் இங்க வாங்க" என்று கூட்டாளிகளை அழைக்கும். பாஸ்போலைப்பேஸ் ஏ2 நொதி சவ்விலிருந்து அராகிடோனிக் அமிலத்தை வெட்டித் தரும். 5-லைப்பாக்சிஜினேஸ் அதில் ஆக்சிஜனைச் சேர்த்து லூகோட்ரையீன் ஏ4 ஆக்கும். மூன்றாவது நொதி அதை பி4 ஆக்கும். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயை இறுக்குவதும் இதே குடும்பத்து லூகோட்ரையீன்கள்தான். அதனால் 1980களில் இந்த உற்பத்தியை நிறுத்த மருந்து தேடினார்கள்.

எம்கே-886 முழு செல்லில் உற்பத்தியை அப்படியே நிறுத்தியது. செல்லை உடைத்து, 5-லைப்பாக்சிஜினேஸை மட்டும் எடுத்து, அதற்கு அராகிடோனிக் அமிலத்தைக் கையாலே ஊற்றிப் பார்த்தால்? மருந்து இருந்தும் நொதி பாட்டுக்கு வேலை செய்தது!

விடை 1990இல் வந்தது. மருந்து ஒட்டியது நொதியில் இல்லை, ஃப்ளாப் என்ற சவ்வுப் புரதத்தில். செல்லுக்குள் கால்சியம் கூடினால் முதல் இரண்டு நொதிகளும் உட்கரு உறைக்கு ஓடிவருகின்றன. ஃப்ளாப் அங்கேயே உட்கார்ந்து, வெட்டிய அமிலத்தை 5-லைப்பாக்சிஜினேஸிடம் சேர்க்கிறது. நாம் கையால் ஊட்டிவிட்டால் இந்தப் பரிமாறுபவருக்கு வேலையே இல்லை.

இதைவிட எனக்கு ஆச்சரியம், வேலை பாதியில் செல்லைத் தாண்டுவது. நியூட்ரோஃபில் வெளியே விடும் ஏ4-ஐ சிவப்பணு வாங்கி பி4 ஆக்குகிறது. தட்டணுவோ அதையே மூச்சுக்குழாயை இறுக்கும் சி4 ஆக்கிவிடுகிறது. தட்டணுவிடம் 5-லைப்பாக்சிஜினேஸ் கிடையாது, நியூட்ரோஃபிலிடம் சி4 செய்யும் நொதி கிடையாது. தனித்தனியாக இருந்தால் இரண்டுமே சாது. ஆஸ்பிரின் சாப்பிட்டால் மூச்சுத் திணறும் ஆஸ்துமாக்காரர்களின் இரத்தத்தில் தட்டணு ஒட்டிய வெள்ளையணுக்கள் அதிகம். (பலரும் சாப்பிடும் மான்டெலுகாஸ்ட் இந்த உற்பத்தியைத் தொடுவதில்லை. சமிக்ஞை போய்ச் சேரும் இடத்தை அடைக்கிறது, அவ்வளவுதான்.)

இப்போதெல்லாம் ஆய்வுக் கட்டுரையில் 'தூய நியூட்ரோஃபில்' என்று பார்த்தால், தட்டணு எவ்வளவு மிச்சம் இருந்தது என்றுதான் முதலில் தேடுகிறேன்.