மலாயாவுக்கு வந்த 19 வயது இந்திரா

1937 மே மாதம் ஜவஹர்லால் நேரு பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பயணம் வந்தபோது, மகள் இந்திராவும் உடன் வந்தார். வயது 19. தாயார் கமலா காலமாகி ஓராண்டு சற்றே கடந்திருந்தது.

அந்த மகளின் சிறுவயதில் தந்தை அடிக்கடி சிறையில்தான். 1930 அக்டோபரில், பிறந்தநாள் பரிசு அனுப்ப வழியின்றி நைனி சிறையிலிருந்து நேரு ஒரு கடிதம் எழுதினார். அப்படித் தொடங்கியவை 1933க்குள் ஏறத்தாழ 200 கடிதங்களாயின. உலக வரலாறே பாடம். பக்கத்தில் நூலகம் கிடையாது. குறிப்பேடுகளும் நினைவும்தான் துணை. எல்லாக் கடிதங்களும் உடனுக்குடன் மகள் கைக்குப் போகவுமில்லை.

சேர்ந்து பயணம் போனதெல்லாம் விடுதலையான இடைவெளிகளில்தான். 1931இல் மூவரும் இலங்கை சென்று நுவரெலியாவில் தங்கியது ஓய்வுக்காக. மலாயாப் பயணம் வேறு. தோட்டப் பாட்டாளிகளின் கூலியும் வாழ்க்கை நிலையும் பெரிய விவகாரமாக இருந்த நேரம் அது. மலாயா மத்திய இந்தியர் சங்கம் தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. நேரு இங்குள்ள இந்தியர்களிடையே கூட்டங்களில் பேசினார். ஏட்டில் படித்த அரசியலைக் கடல் கடந்த நம்மவர்கள் நடுவே காணும் வாய்ப்பு மகளுக்குக் கிடைத்தது.

அதே ஆண்டு இந்திரா ஆக்ஸ்ஃபர்டில் படிக்கப் போனார். 1968 மே மாதம் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அவர் வந்தபோது, இந்தியாவின் பிரதமர். தந்தை மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.