பசுமை பேசும் இதழ்கள்: தேர்வும் உரிமையும் தீர்வும்

சுற்றுச்சூழலுக்கு இசைந்த வாழ்க்கையைப் பற்றி எழுதும் இதழ்கள் வாசகரின் வீட்டுக்குள் நேரடியாக நுழைபவை. எந்தப் பாத்திரத்தில் சமைப்பது, எந்த உரத்தைப் போடுவது, சேமிப்பை எதில் முடக்குவது என்று அன்றாட முடிவுகளை அவை மாற்றுகின்றன. அத்தகைய இதழ் தவறான தகவலைத் தந்தால் சந்தாப் பணத்தோடு இழப்பு நின்றுவிடாது. உடல்நலம், விளைச்சல், சேமிப்பு எல்லாம் சேர்ந்தே பாதிக்கப்படும். எனவே, இப்படிப்பட்ட இதழைத் தேர்ந்தெடுக்கும்போது சில சோதனைகள் தேவை. தவறு நேர்ந்தால் வாசகருக்குச் சட்டம் தரும் வழிகளையும் அறிந்திருக்க வேண்டும்.

கடலூர் மாவட்டத்தில் உள்ள விருத்தாசலம் இந்தச் சோதனைகளை விளக்க ஏற்ற ஊர். அருகிலுள்ள நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேல் படிந்திருக்கும் களிமண், இங்குள்ள செராமிக் தொழிலுக்கு மூலப்பொருளானது. பொம்மைகள், அகல் விளக்குகள், கோப்பைகள், மின்கடத்தாப் பொருட்கள் ஆகியவை இங்கே உருவாகின்றன. செராமிக் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிறுவனமும் இங்கே உண்டு. ஊரைச் சுற்றி முந்திரியும் நிலக்கடலையும் விளைகின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இந்தப் பயிர்களில் ‘வி.ஆர்.ஐ.’ என்ற பெயரில் ரகங்களை வெளியிட்டிருக்கிறது. சூளை, தூசி, சுரங்கம், நிலத்தடி நீர், பயிர் என்று சுற்றுச்சூழல் கேள்விகள் பலவும் இந்த ஊரில் ஒன்றாகவே எழுகின்றன.

இதழ்களின் வகைகள்

தமிழில் கிடைக்கும் சூழல் இதழ்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, இயக்கங்கள் நடத்துபவை. பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் ‘பூவுலகு’ இதற்கு எடுத்துக்காட்டு. சூழல் அரசியலையும் பெருந்திட்டங்களின் விளைவுகளையும் அறிய இவை உதவும். இரண்டாவது, வணிக நிறுவனங்களின் வேளாண் இதழ்கள். 2007இல் தொடங்கிய ‘பசுமை விகடன்’ இவ்வகை. உழவர் அனுபவம், சந்தை, மாற்றுப் பயிர் ஆகியவற்றுக்கு இவை அதிக இடம் தருகின்றன. மூன்றாவது, அரசு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் வெளியிடுபவை. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ‘உழவரின் வளரும் வேளாண்மை’ ஆய்வகப் பரிந்துரைகளை உழவருக்குக் கொண்டுசெல்கிறது. நான்காவது, அறிவியல் பரப்பும் இதழ்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தொடர்புடைய ‘துளிர்’ 1987 முதல் சிறுவர்களுக்காக வருகிறது. ஆங்கிலம் படிப்பவர்களுக்கு டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சார்ந்து 1992இல் தொடங்கிய ‘டவுன் டு எர்த்’ இருக்கிறது.

ஒவ்வொரு வகைக்கும் ஒரு சாய்வு இருக்கும். இயக்க இதழ் தன் கொள்கையிலிருந்து பேசும். வணிக இதழ் விளம்பர வருவாயையும் நம்பியிருக்கும். அரசு இதழ் அரசுத் திட்டங்களைக் குறைகூறத் தயங்கலாம். சாய்வு இருப்பதாலேயே ஓர் இதழை ஒதுக்க வேண்டியதில்லை. அந்தச் சாய்வை அறிந்து படிப்பதும், வெவ்வேறு வகையைச் சேர்ந்த இரண்டு இதழ்களையாவது ஒப்பிட்டுப் பார்ப்பதும் போதும்.

எங்கே ஏமாற நேர்கிறது

முதல் ஆபத்து, கட்டுரை வேடத்தில் வரும் விளம்பரம். ஒரு நிறுவனத்தின் உயிர் உரத்தையோ பாத்திரத்தையோ புகழும் பக்கம், சாதாரணக் கட்டுரையின் எழுத்துருவிலும் அமைப்பிலும் அச்சாகும். ‘விளம்பரம்’ என்ற சொல் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

இரண்டாவது, மருத்துவ வாக்குறுதி. இயற்கை வாழ்வு பேசும் பக்கங்களில் நீரிழிவையும் புற்றுநோயையும் அடியோடு குணப்படுத்துவதாகச் சொல்லும் மூலிகை விளம்பரங்கள் இடம்பிடிக்கின்றன. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், தன் அட்டவணையில் உள்ள நோய்களுக்கு இப்படி விளம்பரம் செய்வதைத் தடைசெய்கிறது. நீரிழிவும் புற்றுநோயும் அந்த அட்டவணையில் உள்ளவை.

மூன்றாவது, பசுமை முதலீடு. 1990களில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அனுபவ் பிளாண்டேஷன்ஸ், தேக்கு மரம் வளர்த்துப் பன்மடங்கு திருப்பித் தருவதாகச் சொல்லிப் பொதுமக்களிடம் பணம் திரட்டி 1998இல் சரிந்தது. 2012இல் பெருந்துறையை மையமாகக் கொண்டு பரவியிருந்த ஈமு கோழி ஒப்பந்தப் பண்ணைத் திட்டங்கள் வீழ்ந்தபோது கொங்கு மண்டலத்தின் சிறு விவசாயிகள் பலர் சேமிப்பை இழந்தனர். இரண்டிலும் மக்களை இழுத்தது பளிச்சென்ற விளம்பரமே. மரம், கோழி, மண் என்று பொருள் எதுவானாலும், உறுதியான உயர் வருவாயைச் சொல்லும் விளம்பரம் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் அல்லது ரிசர்வ் வங்கியின் பதிவைக் காட்டாவிட்டால் அதில் ஒரு ரூபாயும் போடக் கூடாது.

நான்காவது, பொருளற்ற பசுமைச் சொற்கள். ‘இயற்கையானது’, ‘பூமிக்கு நல்லது’, ‘ரசாயனமற்றது’ போன்ற சொற்கள் எதையும் உறுதிப்படுத்துவதில்லை. ஆனால் விலையை மட்டும் உயர்த்திவிடும்.

ஒரு விளம்பரத்தைப் பிரித்துப் பார்த்தல்

ஒரு செராமிக் கோப்பையின் விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். ‘நூறு சதவீதம் இயற்கை மண். முழுமையாக மக்கும். நச்சில்லாதது’ என்று மூன்று வாசகங்கள் அதில் இருக்கின்றன.

முதல் வாசகம் பாதி உண்மை. களிமண்ணைக் குழம்பாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச, உட்சுவரில் களிமண் படிந்து வடிவம் பெறுகிறது. காய்ந்த பிறகு அதன்மேல் கிளேஸ் பூசப்படுகிறது. சிலிகாவும் ஃபெல்ஸ்பாரும் நிறத்துக்கான உலோக ஆக்ஸைடுகளும் கலந்த பூச்சு அது. பிறகு 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூளையில் சுடப்படுகிறது. அந்த வெப்பத்துக்கு எரிபொருள் செலவாகிறது. தேய்ந்த அச்சுகள் கழிவாகின்றன. விளம்பரத்தில் இவை எதுவும் இல்லை.

இரண்டாம் வாசகம் முழுப் பொய். களிமண்ணைச் சுடும்போது அதன் கட்டமைப்பில் பிணைந்துள்ள நீர் வெளியேறுகிறது. அதன்பின் அது மீண்டும் குழையும் மண்ணாவதில்லை. கீழடியில் இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்த பானை ஓடுகள் இன்றும் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். உடையாதவரை பல ஆண்டுகள் பயன்படுவதுதான் செராமிக் கோப்பையின் உண்மையான நன்மை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் கோப்பையோடு ஒப்பிட்டால் அது பெரிய நன்மையும்கூட. நல்ல இதழ் அந்த நன்மையைச் சொல்லும். மக்கும் என்ற பொய்யை அச்சிடாது.

மூன்றாம் வாசகத்துக்குச் சான்று வேண்டும். ஈயம் கலந்த கிளேஸ் சரியாகச் சுடப்படாவிட்டால் புளி, எலுமிச்சை, ஊறுகாய் போன்ற அமில உணவுகளில் ஈயம் கசியக்கூடும். ஈயமும் காட்மியமும் கசிகின்றனவா என்று ஆய்வகத்தில் சோதித்த அறிக்கை இருந்தால்தான் ‘நச்சில்லாதது’ என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

இதழின் முதல் அல்லது கடைசிப் பக்கங்களில் உரிமையாளர், வெளியிடுபவர், அச்சகம், ஆசிரியர் ஆகிய விவரங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள பத்திரிகைகள் மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம், 2023இன்படி இதழ்கள் பத்திரிகைப் பதிவாளரிடம் பதிவு பெற வேண்டும். முகவரியும் பொறுப்பாளரும் தெரியாத இதழுக்கு ஆண்டுச் சந்தா கட்டக் கூடாது.

கட்டுரை தன் ஆதாரத்தைச் சொல்கிறதா என்பது அடுத்த சோதனை. ‘ஆய்வுகள் கூறுகின்றன’ என்பது ஆதாரம் அல்ல. யார், எங்கே, எப்போது செய்த ஆய்வு என்பது வேண்டும். வேளாண் பரிந்துரை என்றால் அளவு, மண் வகை, பருவம் ஆகியவை இருக்க வேண்டும். ஓர் உழவரின் ஒரு பருவ வெற்றி எல்லா நிலத்துக்கும் விதியாகாது. விருத்தாசலம் பகுதி விவசாயிகள் இதழில் படித்ததை அப்படியே செய்யாமல், அங்குள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்வது பாதுகாப்பு.

தவறு நேர்ந்தபோது திருத்தம் வெளியிடும் இதழ் நம்பத்தக்கது. சில பழைய இதழ்களைப் புரட்டினால் இது தெரிந்துவிடும்.

உள்ளூர்ப் பிரச்சினைகளை இதழ் பேசுகிறதா என்பது முக்கியமான சோதனை. பிளாஸ்டிக்குக்கு மாற்றாக செராமிக்கைப் பரிந்துரைக்கும் இதழ், அதைச் செய்யும் தொழிலாளி சுவாசிக்கும் சிலிகாத் தூசியையும் சொல்ல வேண்டும். அந்த நுண்தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயை உண்டாக்குகிறது. அதைக் குணப்படுத்த மருந்தில்லை. காசநோய் தொற்றும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது. உலர்ந்த தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதும், தூசியை உறிஞ்சும் கருவி பொருத்துவதும் பாதிப்பைக் குறைக்கும். முகத்தில் கட்டும் துணி நுண்தூசியைத் தடுக்காது. தொழிலாளர் சட்டத்தின்கீழ் சிலிகோசிஸ் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய், இழப்பீட்டுக்கும் உரியது. வாங்குபவரின் நலத்தை மட்டும் பேசி, செய்பவரின் நலத்தை விட்டுவிடும் பசுமை முழுமையானது அல்ல. நெய்வேலிச் சுரங்கத்துக்காக வெளியேற்றப்படும் நிலத்தடி நீரைப் பற்றியும் இதழ் பேசுகிறதா என்று பார்க்கலாம்.

சந்தா கட்டும் முன் நூலகத்தில் இதழைப் படித்துப் பார்ப்பது சிறந்த வழி. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. எனவே கிளை நூலகத்தில் ஓர் இதழை வாங்கும்படி கேட்பது வரி கட்டுபவரின் நியாயமான கோரிக்கை. ஒரே பிரதியைப் பலர் படிப்பதால் காகிதமும் மிச்சம்.

சட்டம் தரும் பாதுகாப்பு

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. உற்பத்தியாளருக்கும் விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கும் முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கலாம். வெளியிட்டவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் உண்டு. வழக்கமான தொழில் முறையில் வெளியிட்டதாக நிரூபித்தால் அவர் தப்பலாம். ஆனால் அந்த விளம்பரத்தை நிறுத்தவோ திருத்தவோ ஆணையம் பிறப்பித்த உத்தரவை அறிந்திருந்தும் வெளியிட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

போலிப் பசுமை விளம்பரங்களுக்கென்றே 2024 அக்டோபரில் தனி வழிகாட்டு நெறிகள் வந்தன. ‘பசுமை’, ‘இயற்கை’, ‘சூழலுக்கு உகந்தது’ போன்ற பொதுச் சொற்களைத் தகுந்த விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. ‘மக்கும்’, ‘மறுசுழற்சிக்கு உரியது’, ‘நச்சில்லாதது’ போன்ற குறிப்பான கூற்றுகளுக்கு நம்பத்தகுந்த சான்றிதழோ அறிவியல் ஆதாரமோ சுயேச்சையான சரிபார்ப்போ வேண்டும். முன்பு பார்த்த கோப்பை விளம்பரம் இந்த நெறிகளில் எதையும் நிறைவுசெய்யாது.

சான்று முத்திரைகளையும் அறிந்துகொள்ள வேண்டும். சூழலுக்கு இசைந்த பொருட்களுக்காக இந்திய அரசு 1991இல் தொடங்கிய ஈகோமார்க் முத்திரையின் சின்னம் மண்பானை. அதன் விதிகள் 2024இல் புதுப்பிக்கப்பட்டன. அங்கக உணவுக்கு ‘ஜெய்விக் பாரத்’ முத்திரை உண்டு. வெறும் பச்சை இலைப் படம் எந்தச் சான்றும் அல்ல.

புகார் செய்யும் வழிகள்

எந்தப் புகாருக்கும் முதல் தேவை ஆதாரம். இதழின் பிரதி, சந்தா ரசீது, பணம் செலுத்திய விவரம், கடிதங்களின் நகல் ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும்.

பொய் விளம்பரம் என்றால் மத்திய ஆணையத்துக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ எழுத்திலோ மின்வழியிலோ புகார் அனுப்பலாம். விருத்தாசலம் வாசகருக்குக் கடலூர் ஆட்சியர் அலுவலகமே போதும். விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பான இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலும் புகார்களை ஏற்கிறது.

சந்தா கட்டியும் இதழ் வராவிட்டால் அது சேவைக் குறைபாடு. முதலில் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். பயனில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். இதழின் அலுவலகம் சென்னையில் இருந்தாலும், வாசகர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை.

கட்டுரையில் தவறோ, செய்தி வேடத்தில் விளம்பரமோ இருந்தால் முதலில் ஆசிரியருக்கு எழுதித் திருத்தம் கேட்க வேண்டும். மறுத்தால் இந்தியப் பத்திரிகை கவுன்சிலை அணுகலாம். நாளிதழ், வார இதழ் என்றால் வெளியான நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குள்ளும், மற்ற இதழ்கள் என்றால் நான்கு மாதங்களுக்குள்ளும் புகார் சேர வேண்டும். ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகலையும், தமிழ்க் கட்டுரை என்றால் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைக்க வேண்டும். கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் விதிக்கவோ இழப்பீடு வழங்கவோ அதற்கு அதிகாரம் இல்லை.

முதலீட்டு மோசடி என்றால் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் தர வேண்டும். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம், மோசடி நிறுவனத்தின் சொத்துகளை முடக்கிப் பணத்தைப் பிரித்துத் தர வழிசெய்கிறது. இத்தகைய புகாரில் தாமதம் கூடாது. சொத்துகள் கைமாறும் முன் முடக்கினால்தான் ஏமாந்தவர்களுக்கு ஏதேனும் திரும்பக் கிடைக்கும்.