மீன் வறுவல்

கடலுக்குத் தொலைவிலுள்ள சேலம், நாமக்கல் சமவெளியினருக்கு, 1934-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் பயிருக்கு நீரளிப்பதோடு, உணவுக்குக் கட்லா, ரோகு முதலிய மீன்களையும் அளித்து வருகின்றது. நெடுநேரம் ஊறினாலன்றி மீனில் சுவை ஏறாதென்று பலர் எண்ணி, நேரமில்லாத நாளில் மீனையே விலக்கிவிடுகின்றனர். அவ்வெண்ணம் பிழையாகும்.

ஆட்டிறைச்சி போலன்றி மீனின் தசை இயல்பிலேயே மெல்லியது. ஆதலின் அதனை ஊறவைத்து மென்மையாக்க வேண்டுவதில்லை. எலுமிச்சஞ்சாறு நெடுநேரம் தங்கின் தசை வெளுத்துக் கெட்டு, கல்லில் இட்டவுடன் உதிரும்.

அரை அங்குலக் கனமுள்ள துண்டங்களை நீர் போகத் துடைத்து, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, சிறிது எலுமிச்சஞ்சாறு ஆகியவற்றைக் குழைத்துத் தடவி, 15 நிமிடம் வைத்தல் போதும். தோசைக்கல்லில் எண்ணெய் நன்கு காய்ந்தபின் இடுக. காயாத கல்லில் துண்டம் ஒட்டிக்கொள்ளும். பக்கத்திற்கு 3 அல்லது 4 நிமிடம் வேகவிடுக. அடிப்புறம் சிவக்குமுன் திருப்பலாகாது. தசை வெண்மையாகி இதழிதழாய்ப் பிரியுமாயின் வெந்ததென்று அறியலாம்.

ஒன்று மறவற்க: கெட்ட மீனின் நாற்றத்தை மசாலை மறைக்குமேயன்றி, அதன் தீங்கை நீக்காது. விரைவில் சமைப்போர் முதலில் நாடவேண்டுவது புதிய மீனே.