கையேடு படிக்கும் புது ஆள்

ஆட்டோகேட் 1982 டிசம்பரில் வெளிவந்தது. அந்தக் காலத்து வடிவமைப்பு மென்பொருள் கையேடுகள் ஏறக்குறைய ஒரே ஆளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை: வரைபலகையும் டி-ஸ்கொயரும் பழகி, இப்போது கணினி முன் உட்கார்ந்திருப்பவர். கோடு என்றால் என்ன என்று அவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 'லைன்' என்று தட்டினால் எந்தப் புள்ளியிலிருந்து என்று மென்பொருளே கேட்கும்; சொன்னதும், எந்தப் புள்ளிவரை என்று கேட்கும். 1990களில் பெட்டி கனக்கப் புத்தகங்கள் வந்தன. திரையின் படம், படத்தில் அம்புக்குறி, அம்புக்குறிக்கு எண். அப்படியும் புரியாவிட்டால் எஃப்1.

நம் ஊரில் அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. பேஜ்மேக்கரும் கோரல்டிராவும் பெரும்பாலும் கைமாறிக் கைமாறித்தான் டிடிபி சென்டர்களுக்கு வந்து சேர்ந்தன. கையேடு வழியிலேயே நின்றுவிட்டது. புதிதாகச் சேர்ந்த பையன் சீனியர் பின்னால் நின்று பார்ப்பான், ஷார்ட்கட்டுகளை நோட்டில் குறித்துக்கொள்வான், சீக்கிரமே தனியாகக் கல்யாணப் பத்திரிகை போட்டுவிடுவான். எழுதப்படாததெல்லாம் கண்வழியே போய்ச் சேர்ந்தது.

இப்போது அதே வகை மென்பொருளை இயக்க ஏஐ ஏஜென்ட் வந்திருக்கிறது. அது பின்னால் நின்று பார்க்க எந்தச் சீனியரும் இல்லை. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், ஏஜென்டை மென்பொருள்களோடு இணைக்க எம்சிபி என்ற நெறிமுறையை வெளியிட்டது. 2025இல் வடிவமைப்பு மென்பொருளான ஃபிக்மா அதன்படி சொந்தமாக ஒரு சர்வரைக் கொண்டுவந்தது. இந்த ஏற்பாட்டில் கையேடு என்பது இவ்வளவுதான்: கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்று சில வரிகள், என்னென்ன உள்ளீடு, ஒவ்வொன்றும் எந்த வகை. அதைப் படித்துத்தான் எந்தக் கருவியை எப்போது கூப்பிடுவது என்று ஏஜென்ட் முடிவெடுக்கிறது.

சில வரிகள்தானே என்று எழுத உட்கார்ந்தால்தான் அதன் கஷ்டம் தெரியும். முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் ஒரு பெட்டியைத் திருப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையிலுள்ள சுழற்சிக் கட்டத்தில் 90 என்று போட்டால் 90 பாகை திரும்பும். அதே வேலையைப் பைதான் வழியே செய்தால் அளவு ரேடியனில். அங்கே 90 என்று கொடுத்தால் பெட்டி பதினான்கு முழுச் சுற்றைத் தாண்டி, சுமார் 117 பாகையில் கோணலாக நிற்கும். 90 என்பது செல்லுபடியாகும் எண்தான் என்பதால் பிளெண்டர் எந்தப் புகாரும் சொல்லாது.

ஃபிக்மாவிலும் இப்படி உண்டு. நிறத்தை 0 முதல் 255 வரை எண்ணிப் பழகிய உலகம் இது. ஃபிக்மாவை நிரல் வழியே இயக்கும் பிளகின் ஏபிஐ கேட்பதோ 0 முதல் 1 வரை. உரையின் வாசகத்தை மாற்றுமுன் அதன் எழுத்துருவை ஏற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிழை. ஒரு ஃபிரேமின் அடையாள எண் இணைப்பு முகவரியில் 4-12 என்றிருந்தால், ஏபிஐக்குள் அதுவே 4:12. ஒய் அச்சு ஃபிக்மாவில் கீழே போகப் போகக் கூடும். ஆட்டோகேடில் மேலே போகப் போக.

மனிதரும் இவற்றில் சறுக்குவார். ஆனால் பெட்டி கோணலாக நின்றால் அவர் கண்ணுக்கு உடனே உறுத்தும், கை நின்றுவிடும், பக்கத்து சீட்டைக் கேட்பார். கையேடு சொல்லாமல் விட்டதை ஏஜென்டும் ஊகிக்கிறது. தயக்கம்தான் அதற்குக் குறைவு. எண்ணைக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று அறிக்கையும் கொடுத்துவிடும். அதனால் 'முடிந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சரிபார்' என்பதெல்லாம் இன்று எழுதப்பட வேண்டிய வரி. பிழைச் செய்தியும் கையேட்டின் பகுதியாகிவிட்டது. 'தவறான மதிப்பு' என்று மட்டும் சொன்னால் ஏஜென்ட் இன்னொரு தவறான மதிப்போடு திரும்பி வரும். 'நிறம் 0 முதல் 1 வரை இருக்க வேண்டும், 255ஆல் வகுத்துக் கொடு' என்றால் அடுத்த முறையே சரியாகும்.

அதற்காக எல்லாவற்றையும் கொட்டவும் முடியாது. கருவி விளக்கங்கள் மாடலின் நினைவுப் பரப்பில் இடம் பிடிப்பவை. ஒவ்வொரு வரிக்கும் செலவு உண்டு. அன்றைய கையேட்டுக்குத் தடிமன் பெருமை. இன்று அது பாரம்.

ஒரு மனத்தாங்கல் உண்டு. அலகைத் தெளிவாக எழுதுங்கள், பிழைச் செய்தியைப் புரியும்படி சொல்லுங்கள் என்று பயனர்கள் எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டார்கள். நமக்காக நடக்காதது இயந்திரத்துக்காக நடக்கிறது. போகட்டும், பலன் நமக்கும் கிடைக்கிறது.

சிவகாசியிலும் திருவல்லிக்கேணியிலும் அச்சுக்குக் கோப்பு தயாரிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெட்டுக் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் விட வேண்டும், பொடி எழுத்துக்கு நாலு கலரையும் கலந்த கறுப்பு ஆகாது, கறுப்பு மட்டும் 100 சதவீதம் என்பதெல்லாம் உங்கள் கைக்குத் தெரியும். ஏஜென்டுக்காகவோ, அடுத்துச் சேரப்போகும் பையனுக்காகவோ, அலகோடு சேர்த்து எழுதி வையுங்கள்.